வாடகை வாளும் வாடிய வயலும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் விண்முட்டும் விமானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர், வியக்கின்றனர், மீள்கின்றனர். திருச்சுற்றின் சுவரைப் பார்ப்போர் சிலர். நின்று பார்ப்போர் மிகச் சிலர். அந்தச் சுவரிலே மராத்தி மொழியில் நீண்டதொரு கல்வெட்டு உண்டு. போசலே குலத்தின் வரலாறு அது. 1803-ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் வெட்டுவித்தது. முன்னோர் பெருமையும் போர்க்களக் கீர்த்தியும் கல்லிலே ஏறி நிற்கின்றன.

ஆனால் ஆண்டுக் கணக்கைச் சற்றே பாருங்கள். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், இதே சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். கோட்டைக்கு அப்பால் ஒரு காணி நிலத்தை ஆளவும் அதிகாரமில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துக் குலப்பெருமை கல்லிலே ஏறுகிறது! ஆள நாடில்லை, ஆண்ட கதையைத் தாங்கச் சுவர் இருக்கிறது!

அந்தச் சுவர் சொல்வதை அறிஞர்கள் அச்சேற்றிவிட்டனர். சுவர் சொல்லாததை யார் சொல்வது? அந்தக் குலம் தஞ்சைக்கு வந்தபோது, வந்தவர்க்குக் கூலி எவர் களத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வாளை வாடகைக்கு விடுவோர் என்றொரு கூட்டம் உலக வரலாறெங்கும் உண்டு. 'நியாயம் யார் பக்கம்?' என்று அவர்கள் கேட்பதில்லை. 'நிதி யார் பக்கம்?' என்றுதான் கேட்பர். துணைக்கு வருவர்; தொகை கேட்பர்; தொகை வராவிட்டால் தொட்டில் முதல் தோட்டம் வரை எடுத்துக்கொள்வர்; இறுதியில் அரியணையிலே ஏறி அமர்ந்துகொண்டு, 'ஆண்டவன் அளித்த ஆட்சி' என்பர். அவர்தம் கதைகளை வீரகாவியமென்று நம் இளைஞர்க்குப் பாடம் சொல்வோர் இன்றும் உளர். அந்தப் பாடத்தை மறுக்கிறோம். மறுப்பதற்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. காவிரிக் கரையே போதும்.

தஞ்சையைத் தேடி வாள்கள் ஏன் வந்தன? தங்கச் சுரங்கம் இருந்ததா? வைரம் விளைந்ததா? இல்லை, நெல் விளைந்தது. கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகவும் அரசலாறாகவும் குடமுருட்டியாகவும் கிளைத்து, வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, வயலை நனைத்த காவிரி, மற்ற நாடுகள் வானம் பார்த்து நின்றபோதும் இந்த மண்ணுக்குச் சோறு போட்டது. படைக்குச் சோறு வேண்டும். சோறு இருக்குமிடம் தஞ்சை. கடனுக்கு ஈடு வேண்டும். ஆண்டு தவறாமல் அறுவடையாகும் ஈடு தஞ்சை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள கரையைச் செப்பனிடும் உரிமை யாருக்கு என்பதே 1760-களில் ஆர்க்காட்டு நவாபுக்கும் தஞ்சை அரசருக்கும் இடையே பெரும் வழக்காயிற்று என்றால், இந்த நாட்டின் கழுத்து எங்கே இருந்தது என்பது புரியவில்லையா? உழவன் செய்த ஒரே குற்றம், நன்றாக உழுததுதான்!

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

தஞ்சையை அப்போது ஆண்ட நாயக்கர்களும் விசயநகரப் பேரரசு அனுப்பிய ஆளுநர் வழி வந்தவர்களே. 1673-ஆம் ஆண்டு மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சை மீது படை நடத்தினார். முதியவரான விசயராகவ நாயக்கர் களத்திலே மாண்டார். சொக்கநாதர் தம் தம்பி முறையினரான அழகிரியைத் தஞ்சையில் அமர்த்தினார். அழகிரியோ சில நாளில் அண்ணனை மதிப்பதை விட்டார். இதற்கிடையே, விசயராகவர் குலத்துச் சிறுவன் செங்கமலதாசன் நாகப்பட்டினத்தில் ஒளித்து வளர்க்கப்பட்டான் என்றும், அரண்மனை அலுவலரான வெங்கண்ணா என்பார் அவனை அழைத்துக்கொண்டு பீஜப்பூர் சுல்தானிடம் முறையிட்டார் என்றும் ஏடுகள் கூறுகின்றன.

சுல்தான் தம் படைத்தலைவர் ஒருவரை அனுப்பினார். அவர்தான் ஏகோஜி, சாஜி போசலேயின் மகன், சிவாஜிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. அய்யம்பேட்டைப் பக்கம் போர், அழகிரி ஓட்டம், சிறுவனுக்கு அரியணை. பணி முடிந்தது. வந்தவர் திரும்பினாரா? இல்லை. 'படைச் செலவு?' என்றார், பக்கத்திலேயே பாளையமிட்டார். தாம் விரும்பிய பதவி கிட்டாத வெங்கண்ணா, தாமே அரியணை ஏற்றிய சிறுவனை இறக்க, அதே ஏகோஜியை அழைத்தார். 1675-76 அளவில் தஞ்சை ஏகோஜியின் கையில்! காக்க வந்த கை, கவ்விக்கொண்டது. நூற்றெண்பது ஆண்டுக்கால மராத்திய ஆட்சியின் வாயிற்படி இதுதான். மக்கள் அழைத்தனரா? ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. பதவி கிடைக்காத ஓர் அலுவலரின் ஆத்திரம் ஒரு நாட்டின் தலையெழுத்தாயிற்று.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைக்க வேண்டியிருக்கிறது. 'மாற்று மதத்தாரிடமிருந்து தென்னாட்டைக் காக்க வந்தது மராத்திய வாள்' என்று சிலர் பேசுகின்றனர், எழுதுகின்றனர். காக்க வந்த வாளை அனுப்பியவர் யார்? பீஜப்பூர் சுல்தான்! ஏகோஜியின் தந்தை சாஜி யார்? அகமதுநகர், பீஜப்பூர், முகலாயர் என மூன்று கொடிகளின் கீழும் மாறி மாறிப் பணியாற்றியவர். 1638-இல் பீஜப்பூர்ப் படையோடு வந்து பெங்களூரை ஜாகீராகப் பெற்றவர். சரி, சிவாஜியாவது? 1677-இல் தெற்கே வந்தபோது அவருக்குத் துணை நின்றது கோல்கொண்டா சுல்தானின் பொருளும் உடன்படிக்கையும். சுல்தான் அனுப்பிய தம்பி மீது, சுல்தான் துணையோடு வரும் அண்ணன்! இதிலே மதம் எங்கே இருக்கிறது? மடியிலே இருக்கும் பணமூட்டையில் மதத்தைத் தேடுகிறீர்களா? வாளுக்கு மதமில்லை. வாளேந்தியவன் வென்ற பிறகு, அவன் பெயரால் எழுதப்படும் கதைக்குத்தான் மதம் தேவைப்படுகிறது.

அண்ணனும் தம்பியும் கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் சந்தித்தனர். பாசப் பிணைப்பா? பாகப் பிரிவினை! 'தந்தை சொத்திலே பாதி எங்கே?' என்றார் அண்ணன். தம்பி இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்கு ஓடினார். பாகம் பிரிக்கப்பட வேண்டிய 'தந்தை சொத்து' எது என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஊரும் ஏரியும், ஆற்றங்கரையும், அங்கே வாழ்ந்த ஆயிரமாயிரம் மக்களும்தான் அந்தச் சொத்து. மாட்டைப் பங்கிடுவோர் மாட்டையா கேட்பர்?

வாள் வென்றதை வேதம் உறுதிப்படுத்த வேண்டுமல்லவா? அதற்கும் ஆள் இருந்தது. 1674-இல் சிவாஜியின் முடிசூட்டு விழாவுக்குச் சத்திரியர் என்ற சான்று தேவைப்பட்டது. காசியிலிருந்து காகபட்டர் வந்தார், மேவாரின் சிசோதியா அரசகுலத்தோடு உறவு காட்டும் குலமுறை முன்வைக்கப்பட்டது, முடி ஏறியது. தம் சொந்த ஆற்றலால் மலைக்கோட்டைகளைப் பிடித்து அரசு கண்ட ஒருவர், ஓர் ஏட்டுச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததே, அந்த இழிவை என்னென்பது! ஆற்றல் இருந்தும் பிறப்புச் சான்று கேட்டது அந்தச் சமுதாயம். தஞ்சைக் கல்வெட்டு, அதே நோயின் நீண்ட அறிகுறி. வாளால் வந்தேன் என்று சொல்ல வெட்கம். வம்சத்தால் வந்தேன் என்று சொல்லத்தான் விருப்பம்!

நுழைந்த வழியை அடைத்துவைக்க எந்தக் கொள்ளையனாலும் முடிந்ததில்லை. ஏகோஜி திறந்த வாயிற்படி வழியே, அடுத்தவரும் வந்தனர்.

1736 முதல் 1739 வரை, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் தஞ்சை அரியணையில் ஒருவர் மாறி ஒருவர் ஏறினர், இறங்கினர், இறக்கப்பட்டனர். அரியணைப் போட்டியிலே ஆதரவுக்கு விலையாகக் காரைக்கால் பேசப்பட்டது. 1739-இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படைத் துணையோடு அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. பத்தாண்டு கழித்து, அரியணை இழந்த சாயாஜி (சாகுஜி என்றும் எழுதுவர்), கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியாரிடம் போனார். 'பிரதாப சிங்கனை இறக்கி என்னை ஏற்றுங்கள்; தேவிகோட்டையைத் தருகிறேன்' என்றார். கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்துக் கோட்டை அது. 1749-இல் கும்பினிப் படை இருமுறை புறப்பட்டது. முதன்முறை தோல்வி. இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் தலைமையில் கோட்டை வீழ்ந்தது. அந்தத் தாக்குதலில் முன்னே நின்ற இளைஞர்தான் ராபர்ட் கிளைவ். எழுத்தராகக் கப்பலேறி வந்து வாளெடுத்தவர்!

கோட்டை கிடைத்ததும் என்ன நடந்தது? அரியணையில் இருந்த பிரதாப சிங்கருடனே கும்பினி சமாதானம் செய்துகொண்டது. தேவிகோட்டை கும்பினிக்கு, அரியணை பிரதாப சிங்கருக்கு, சாயாஜிக்கு? ஓர் உதவித்தொகை, அதுவும் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கியிருப்பதற்காக! யாருக்காகப் போர் தொடங்கிற்றோ, அவரை விற்றுப் போர் முடிந்தது. இந்தியாவின் உள்நாட்டு அரசுரிமைச் சண்டையிலே ஆங்கிலக் கும்பினி வாளை வாடகைக்கு விட்டுப் பழகிய பள்ளிக்கூடங்களுள் தேவிகோட்டையும் ஒன்று. பிளாசிக்கு எட்டு ஆண்டு முன்னர், கொள்ளிடச் சேற்றிலே கற்ற பாடம் அது.

சந்தா சாகிப்பின் முடிவும் இந்த மண்ணோடு தொடர்புடையதே. அதே 1749-இல் பிரெஞ்சுத் துணையோடு தஞ்சையை முற்றுகையிட்டுப் பணத்துக்கு முறி எழுதி வாங்கினார் அவர். 1752-இல் தோற்று, தஞ்சைத் தளபதி மானோஜியிடம் உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்தார். உறுதி உதட்டோடு நின்றது, தலை வெட்டப்பட்டது. வாளை நம்பி வாழ்ந்தவர்க்கு வாக்கு எங்கிருந்து கிடைக்கும்?

ஆள் செத்தாலும் முறி சாகவில்லை! அந்தப் பழைய கடன்முறியைக் கையில் வைத்துக்கொண்டு, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சை மீது வந்தார். அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போய் வாளூழியம் செய்த குடும்பத்தின் மகன் அவர். வரும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலிலே புகுந்தது அவர் படை. குளத்தைத் துழாவினர், தரையைத் தோண்டினர், புதையலைத் தேடினர். ஒற்றர் என்று ஐயுற்று, அந்தணர் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. அர்ச்சனையில் நமக்கு நம்பிக்கையில்லை, அது வேறு. பீரங்கி வாயில் கட்டப்பட்டவன் எந்தக் குலத்தவனாயினும் மனிதன். அந்த ஆறு பேருக்காகவும் நாம் வழக்காடுகிறோம். தஞ்சைக் கோட்டையைப் பிடிக்க முடியாமல், மருந்தும் சோறும் தீர்ந்து லாலி திரும்பினார். 1766-இல் பாரிசிலே அவர் தலையையும் அவர் தொண்டு செய்த அரசே வெட்டிற்று.

ஆனால் இவர்களெல்லாம் சில்லறை வணிகர்கள். வாள் வணிகத்தை மொத்த வணிகமாக்கியவர் கும்பினியார்தான். 1600-இல் சாசனம் பெற்ற ஒரு வணிகச் சங்கம். பங்குதாரர் உண்டு, பங்காதாயம் உண்டு, பேரேடு உண்டு. கூடவே படையும் உண்டு! தனி ஒருவன் வாளெடுத்து நாடு பிடித்தால் கொள்ளைக்காரன். பங்கு விற்றுப் பணம் சேர்த்து நாடு பிடித்தால் கனம்பொருந்திய கம்பெனியார்!

1773-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கும்பினிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. துளஜா மன்னர் சிறையில். நாடு நவாபின் கையில். நவாபோ கடனில். கடன் கொடுத்தவர் யார்? அதே கும்பினியின் ஊழியர்கள்! அவர்களுள் முதல்வர் பால் பென்ஃபீல்டு. பகலில் கும்பினிக்கு ஊழியம். இரவில் நவாபுக்கு வட்டிக் கடன். கடனுக்கு ஈடாகத் தஞ்சையின் வருவாய், அதாவது களத்துமேட்டு நெல், எழுதிக் கொடுக்கப்பட்டது. 1776-இல் லண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி ஆளுநர் பிகட் பிரபு நாட்டைத் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, பென்ஃபீல்டு கணக்கை நீட்டினார்: நவாப் எழுதித் தந்த தஞ்சை வருவாயில் 1,62,000 பவுன், தஞ்சைக் குடிகளிடம் வரவேண்டியது 72,000 பவுன், ஆக 2,34,000 பவுன்! சம்பளக்காரர் ஒருவரின் பெட்டியிலிருந்து இவ்வளவு பணம் எப்படிக் கிளம்பிற்று என்று பிகட் ஐயுற்றார். விளைவு என்ன? 1776 ஆகஸ்டில், கும்பினியின் ஆளுநரையே கும்பினியின் ஆலோசனைச் சபையினர் கைது செய்தனர்! மறு ஆண்டு காவலிலேயே அவர் மாண்டார். 1785-இல் எட்மண்டு பர்க் லண்டன் நாடாளுமன்றத்திலே நவாபின் கடன் பற்றி முழங்கினார். முழக்கம் நூலாயிற்று, கடனோ பொதுப்பணத்திலிருந்து தீர்க்கப்பட ஏற்பாடாயிற்று.

துப்பாக்கி தூக்கியவனைக் கொள்ளையன் என்று உலகம் அறிந்துகொள்ளும். தூவலைத் தூக்கியவனை அறிந்துகொள்ள நெடுநாள் ஆகும். தஞ்சை உழவன் பென்ஃபீல்டைப் பார்த்திருக்கமாட்டான். ஆனால் அவன் விதைத்த நெல் முளைக்குமுன்பே அடகுக்குப் போய்விட்டது.

அடகு மீண்ட நாட்டிலாவது அமைதி வந்ததா? 1781-இல் ஐதர் அலி வந்தார். மைசூர் அரசரிடம் படைவீரராகச் சேர்ந்து, அந்த அரசரையே பொம்மையாக்கி ஆண்டவர்; அவரும் வாளால் ஏணி கட்டியவரே. கும்பினியோடு அவருக்குப் பகை. பலியானது காவிரிப் படுகை. ஊர்கள் எரிந்தன, பாசனப் பணிகள் பாழாயின, கால்நடை போயிற்று, மக்களைப் பிடித்துச் சென்றனர். நெல் நாட்டிலே பஞ்சம்! 'ஐதர் கலாபம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி நடுங்கினர் மக்கள். அதன் பின்னரும் வரித் தண்டல் ஓயவில்லை. கொடுமை தாளாமல் குடிகள் ஊரைவிட்டே ஓடினர். பயிரிட ஆளின்றி வயல் கிடந்தது. ஓடியவரை மீண்டும் அழைத்து வர, அரண்மனை வாக்கு செல்லவில்லை. சுவார்ட்ஸ் பாதிரியார் உறுதி கூறிய பிறகே அவர்கள் திரும்பினர். அரசன் வாக்கு தன் குடிகளிடமே செல்லாக்காசாகிவிட்ட நாடு அது!

இனி, கடைசிக் காட்சி. 1787-இல் துளஜா மறைந்தார். அவர் தத்தெடுத்த சிறுவன் சரபோஜிக்கா, தம்பி அமர்சிங்குக்கா அரசுரிமை? சாத்திரம் கேட்கப்பட்டது. பண்டிதர்களைக் கூட்டினார் சென்னை ஆளுநர். 'தத்து செல்லாது' என்றனர், அமர்சிங் அமர்ந்தார். சில ஆண்டுகள் சென்றன. கும்பினிக்கு வேறொரு விடை தேவைப்பட்டது. மீண்டும் பண்டிதர்களைக் கேட்டனர். இம்முறை வங்காளத்தையும் காசியையும் சேர்ந்த பண்டிதர்கள். 'தத்து செல்லும்' என்றனர். 1798-இல் சரபோஜி அமர்ந்தார். சாத்திரம் ஒன்றுதான், சுலோகம் மாறவில்லை, மாறியது தேவை! மறு ஆண்டே ஒப்பந்தம். மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு, கும்பினிக்கு நாடு. 1855-இல் ஆண்வாரிசின்றி இரண்டாம் சிவாஜி மறைந்தபோது, எஞ்சியிருந்த பட்டத்தையும் கும்பினி அழித்தது. வாடகைக்கு வந்தவர் வழி வந்தோரை, வாடகைக்கு வந்த இன்னொருவர் வெளியேற்றினார். அவ்வளவே.

'சரசுவதி மகால் நூலகத்தை மறந்துவிட்டீர்களே' என்பர். மறக்கவில்லை. ஓலைச் சுவடிகளையும் அயல்நாட்டு நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்த சரபோஜியின் அறிவு வேட்கையைப் போற்றுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குலம் உலகுக்குத் தந்த மிகச் சிறந்த கொடை, கையிலிருந்த வாள் பறிபோன பிறகு வந்தது! ஆட்சிப் பசி அடங்கிய இடத்திலேதான் அறிவுப் பசி பிறந்தது. அதற்கான பொருளும் உழவன் அளந்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்தே நூலகத்தின் வாயிலில் எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்வோம். மராத்தி பேசும் குடும்பங்கள் இன்றும் தஞ்சையில் வாழ்கின்றன. அவர்கள் நம்மவர்கள், நம்மோடு உழைப்பவர்கள். 1676-இன் வாளுக்காக இன்றைய அண்டை வீட்டாரைக் கோபிப்பது பகுத்தறிவன்று. அதுவும் குலப்பிறப்பை நம்புகிற மூடத்தனமே. நம் வழக்கு இனத்தின் மீதன்று. வாள் வணிகத்தின் மீது.

அந்த வணிகம் எங்கும் ஒரே மாதிரிதான். அரக்கான் அரசரின் ஊழியராய் இருந்த போர்த்துக்கீசியர் பிலிப் டி பிரிட்டோ, 1600-ஐ ஒட்டிப் பர்மாவின் சிரியம் துறைமுகத்தைத் தமதாக்கிக்கொண்டார்; 1613-இல் கழுவேற்றப்பட்டார். அமெரிக்கர் வில்லியம் வாக்கர், 1855-இல் நிகரகுவாவின் ஒரு கட்சியார் அழைக்க ஐம்பத்துச் சொச்சம் பேரோடு போய், மறு ஆண்டு குடியரசுத் தலைவராகவே அமர்ந்து, ஒழிந்துபோன அடிமை முறையைச் சட்டமாக்கினார். 1860-இல் ஹோண்டுராசில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர் பாப் டெனார்டு, கொமோரோத் தீவுகளில் 1975-இல் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தார். 1978-இல், கவிழ்ந்தவரைத் திரும்ப ஏற்ற மற்றோர் ஆட்சியைக் கவிழ்த்தார். 1995 வரை அந்தச் சிறு தீவுகளை விடவில்லை. வெங்கண்ணாவும் ஏகோஜியும் வேறு வேறு பெயரில் வேறு வேறு கடற்கரைகளில் உலவுகின்றனர்!

மற்றவர் முதுகைக் காட்டிவிட்டு நம் முதுகை மறைப்பது நேர்மையாகாது. 1988 நவம்பர் 3-ஆம் நாள் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் விடியுமுன் இறங்கியோர் பேசிய மொழி எது? தமிழ்! இலங்கையில் விடுதலைக்கென்று தொடங்கப்பெற்ற புளொட் இயக்கத்தினர் எண்பது பேர் அளவில், அப்துல்லா லுத்துபி என்ற மாலத்தீவு வணிகருக்காக, அந்நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கப் போனார்கள். ஆக்ராவிலிருந்து பறந்து சென்ற இந்தியப் படை அன்றிரவே அதை முறியடித்தது. பிணையாளிகளோடு கப்பலில் தப்பியோர் கடலிலே பிடிபட்டனர். பொதுமக்களும் மாண்டனர். தன் மக்களின் உரிமைக்கென ஏந்திய துப்பாக்கியைப் பிறர் நாட்டுரிமையைப் பறிக்க வாடகைக்கு விட்டபோது, அது எவர் கையிலிருந்தாலும் கிளைவின் துப்பாக்கிதான். தமிழன் பிடித்தான் என்பதால் அது தூய்மையாகிவிடாது.

1025-இல் இராசேந்திரன் கடாரம் வரை கலம் செலுத்தியதைக் கூறிப் பூரிக்கிறோம். அது பேரரசின் படையெடுப்பு, கூலிப்படையன்று, வேறுபாடு உண்டு. ஆயினும், கடாரத்து மீனவன் அன்று என்ன பாடியிருப்பான் என்று எண்ணிப் பார்க்கும் நெஞ்சுரமும் நமக்கு வேண்டும். அந்த நெஞ்சுரமில்லாதவன் ஏகோஜியைக் குறை கூறத் தகுதியற்றவன்.

இவ்வளவிலும் கண்ட உண்மையை மூன்று அடையாளங்களாகத் தொகுத்துத் தருகிறோம். முதலாவது, அழைப்பு. வாள்வணிகன் பெரும்பாலும் தானாக வருவதில்லை; பதவி இழந்தவனோ பதவி கிடைக்காதவனோ அழைக்கிறான். இரண்டாவது, பாக்கி. 'படைச் செலவு பாக்கி' என்ற சொல் வந்த நாளிலேயே நாடு பாதி போய்விட்டது. மூன்றாவது, பட்டயம். பறித்த பின்னர், பரம்பரைச் சான்றோ சாத்திரச் சான்றோ ஒப்பந்தச் சான்றோ தேடி வரும். மூன்றிலும் ஒருவருடைய கையெழுத்து மட்டும் இருக்காது: மக்களுடையது. மக்களைக் கேட்டு அரசு அமைக்கும் முறை இல்லாத இடத்தில்தான் வாளுக்கு வாடகை கிடைக்கிறது. வாக்குச் சீட்டின் மதிப்பு அறிய விரும்புவோர் தஞ்சையின் வரலாற்றைப் படிக்கட்டும்.

அந்த வயலில் நின்றவன் கதி என்ன? நாயக்கர் போனார், மராத்தியர் வந்தார், நவாப் வந்து போனார், கும்பினியார் வந்தார், பேரரசியின் ஆட்சியும் வந்தது. சேற்றில் நின்ற பண்ணையாள் மட்டும் சேற்றிலேயே நின்றான். அரசர் பெயர் மாறியது அவனுக்குத் தண்டோராவில்தான் தெரியும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்! அதன் பின்னரும், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலாயினர். லாலி புதையல் தேடித் தோண்டிய கீழ்வேளூரிலிருந்து தொலைவில் இல்லை அந்த ஊர். அந்த மண்ணின் உண்மையான புதையல், நாற்று நட்ட அந்தக் கைகள்தாம். அதை எந்தப் படையும் தேடவில்லை. எந்த அரசும் நெடுநாள் மதிக்கவில்லை.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள், இளைஞர்களே! வாள் வணிகம் இன்றும் நடக்கிறது. ரஷ்யாவின் வாக்னர் படை ஆப்பிரிக்க நாடுகளிலே ஆட்சியாளர்க்குக் காவல் நின்றது. பொன்னும் வைரமும் கிடைக்குமிடங்களிலே கால் பதித்தது. 2023 ஜூனில் அதன் தலைவர் பிரிகோஷின் தம்மை வளர்த்த அரசின் மீதே படையைத் திருப்பினார். இரு மாதம் கழித்து விமானம் வீழ்ந்து மாண்டார். வாடகை வாள் என்றேனும் ஒருநாள் வளர்த்தவன் பக்கமும் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தப் போர்க்களத்துக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் நம் பக்கமும் வந்துவிட்டனர். 'வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, குடியுரிமை கிடைக்கும்' என்ற சொல்லை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் சிலர் உக்ரேன் போரில் மாண்ட செய்தி 2024-இல் வந்தது. இலங்கையின் முன்னாள் படைவீரர்களும் அவ்வாறே அழைத்துச் செல்லப்பட்டு மாண்டனர். அவர்களைப் பழிக்க மாட்டோம். வறுமை தள்ளிற்று, தரகன் இழுத்தான். ஆனால் 'வீரம்' என்ற சொல்லைக் காட்டி அந்த வணிகத்துக்கு மாலை சூட்டுவோரைச் சும்மா விடமாட்டோம். கூலிக்குக் கொல்வதும் கூலிக்குச் சாவதும் வீரமன்று. வீரம் வேறு. வட்டிக்காரனின் கணக்கைக் கேட்பது வீரம். பண்டிதனின் இரு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வீரம். அரை ஆள் கூலியை முழுக் கூலியாகக் கேட்டு நிமிர்ந்து நின்றது வீரம்.

காவிரிப் படுகையின் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில் பெரியவர்கள் இருக்கின்றனர். எந்த வாய்க்காலை யார் வெட்டினர், எந்தக் காலத்தில் ஊர் காலியாயிற்று, எந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். படிப்பகத்திலே படித்துக் காட்டுங்கள். மன்னர் வரலாற்றுக்குக் கோயில் சுவர் கிடைத்தது. மக்கள் வரலாற்றுக்கு நம் ஏடுகளாவது கிடைக்கட்டும். எழுதத் தொடங்குங்கள்.